லாக்கரில் வைத்த மாத்திரை அட்டை

கெங்கம்மா: இன்னாடி சங்கமித்ரா, மூணாவது வாட்டி வாந்தி எடுக்க ஓடற? எட்டு வருசமா இறால் உரிக்கற, இன்னிக்குத்தான் நாறுதா?

சங்கமித்ரா: கத்தாதக்கா. நாள் தள்ளிப் போச்சு... டெஸ்ட்ல ரெண்டு கோடு.

கெங்கம்மா: அடிப்பாவி! ரெண்டு புள்ளையும் வயித்தக் கிழிச்சு எடுத்தது. இன்னொண்ணு தாங்கினா உசுருக்கு உத்தரவாதம் இல்லன்னு டாக்டரம்மா...

சங்கமித்ரா: எனுக்குத் தெரியாதா? கருத்தடை ஆபரேசனுக்கு எம் புருசன் வல்லரசு கையெயுத்தே போடலியே. பையன் வோணுமாம். அதான திருட்டுத்தனமா மாத்திரை போட்டுகினு இருந்தேன்.

கெங்கம்மா: ஒயுங்காப் போட்டியா?

சங்கமித்ரா: வூட்ல வெக்க முடியுமா? மாமியா அரிசி டப்பாவரைக்கும் குடையும். கம்பெனில நம்ம ரெண்டு பேரு லாக்கர்லதான வெச்சேன், டீ டைம்ல போட்டுக்குவேன்... உனுக்குத் தெரியாததா?

கெங்கம்மா: ஞாயித்துக்கெயம?

சங்கமித்ரா: சனிக்கெயமயே ஒண்ணப் பிச்சு ஜாக்கெட்ல சொருவிக்குவேன். போன மாசம் கம்பெனில கேஸ் லீக்காச்சே... கையக்கூட கயுவ வுடாம தொரத்துனாங்க. பதினோரு நாள் கம்பெனிய மூடிட்டான். நான் வெளிய, அட்டை உள்ள.

கெங்கம்மா: மெடிக்கல்ல வாங்க வேண்டியதுதான...

சங்கமித்ரா: கொருக்குப்பேட்டைல மெடிக்கல் வெச்சிருக்கவன் வல்லரசோட தோஸ்து. வாங்குன அஞ்சாவது நிமிசம் வூட்டுக்கு சேதி போவும். அந்தாளு வேற வேல இல்லாம வூட்லயே கெடந்தான். வோணாம்னா வுடுவானா?

கெங்கம்மா: அந்தப் பதினோரு நாளும் மாத்திரையே இல்லாமலா?

சங்கமித்ரா: கம்பெனி தொறந்த அன்னிக்கே லாக்கரப் பாத்தேன்க்கா. அட்டையே இல்ல.

கெங்கம்மா: அப்பவே ஏன்டி கேக்கல?

சங்கமித்ரா: எனுக்கு கீற ஒரே மனுசி நீ... கேட்டா அதுவும் பூடுமோன்னு பயம். ஆனா சாவி ரெண்டு பேர்கிட்டதான கீது. சொல்லு... நீயா எடுத்த?

கெங்கம்மா: ஆமா.

சங்கமித்ரா: அக்கா... உன் புருசன் புழல் ஜெயிலுக்குப் போயி ரெண்டு வருசமாவுது. உனுக்கு எதுக்கு அது?

கெங்கம்மா: உனுக்குக் குடுக்கத்தான்டி எடுத்தேன். கேஸ் லீக்கான அன்னிக்கு எல்லாரும் கேட்டுக்கு ஓடறப்ப, மூக்கப் பொத்திகினு நான் லாக்கருக்கு ஓடுனேன். மறுநாளு குடுக்கலாம்னு கெளம்பறேன்... எம் வூட்டு வாசல்ல சூப்பர்வைசர் நிக்கறான். திரும்ப வேல வோணும்னா கதவ சாத்துன்னான். பதினோரு நாள்ல நாலு வாட்டி வந்தான். அட்டைல மிச்சமிருந்த எல்லாத்தையும் நானே முயுங்கிட்டேன்டி.