ஒற்றைக் கொம்பு

எங்கே போனாலும் சட்டைப் பையில் ஒரு சாக்பீஸ் துண்டு வைத்திருப்பது என் வழக்கம், ஐயா. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகியும் அது போகவில்லை. பலகையில் பிழை கண்டால் கை சும்மா இருக்காது. முடிதிருத்தகத்திலும் மருந்துக் கடையிலும் திருத்தியிருக்கிறேன், யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

கேலி செய்தவன் ஒருவன்தான்: என் மனைவியின் தம்பி, கடிகாரம் பழுதுபார்ப்பவன். என் மகளின் கல்யாண அழைப்பிதழுக்குப் பிழை பார்த்தது நான். 'திருமனம்' என்று அச்சாகி வந்துவிட்டது. மூன்று சுழி வரவேண்டிய இடத்தில் இரண்டு. மண்டபம் நிறைய உறவினர் இருக்க, அதை அவன் உரக்கப் படித்தான். அன்றுமுதல் நான் 'ரெண்டு சுழி அத்தான்'. பேரப்பிள்ளைகளுக்கு 'ரெண்டு சுழி தாத்தா'. அவன் நல்லவன், அதை நான் மறுக்கவில்லை. என் எழுபதாவது பிறந்தநாளுக்கு அந்த விசித்திர விடுதிக்கு எங்களை அழைத்துச் சென்றவனும் அவன்தான்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாய்ந்த தேநீர்க் கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் ஒரு கட்டடம். கோப்பைகளின் கைப்பிடிக்குள் படிக்கட்டு. எங்கள் அறையில் நாற்காலிகள் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கின. "தலையில விழுந்தா என்ன பண்றது?" என்று என் மனைவி தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிக்கொண்டாள். எனக்குப் பிடித்தது கதவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கரும்பலகை. உள்ளே இருப்பது அதில் சாக்பீஸால் எழுதியிருக்கும். 'சுவர்' என்ற கதவைத் திறந்தால் சுவர். 'படி' என்றால் படி. பிள்ளைகளுக்கு நான் சொன்ன கதைகளில் அசட்டு விலங்குதான் எப்போதும் உண்மை பேசும். அந்த வீடும் அப்படித்தான்.

மூன்றாம் மாடியில் ஒரு கதவில் 'வெளி' என்றிருந்தது. பொருள் முடியவில்லையே, 'வழி' என்பதைத்தான் யாரோ பிழையாக எழுதிவிட்டார்கள் என்று தோன்றியது. ஒற்றைக் கொம்பைக் கட்டைவிரலால் துடைத்தேன். 'ளி'யை 'ழி' ஆக்கினேன். வழி. மனம் நிறைந்து கீழே இறங்கினேன்.

வரவேற்பு மேசையில் மேலாளர் சொன்னார்: "மூணாவது மாடியில 'வெளி'ன்னு ஒரு கதவு இருக்கு சார். அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல, வெறும் ஆகாயம். தாழ்ப்பாள் நேத்து உடைஞ்சுபோச்சு. தச்சர் மதியம் வந்துடுவார். அதுவரைக்கும் பலகையைப் படிச்சுட்டு நடங்க."

நான் உடனே மேலே ஏறினேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் கதவுக்கு முன்னால் என் மைத்துனன் நின்றுகொண்டிருந்தான். அவன் பார்க்க, திருத்தியதைத் திருத்துவதா? சாக்பீஸ் விரலில் இருந்தது. கை பையைவிட்டு வெளியே வரவில்லை.

"அத்தான், கீழ போக இதுதானா?"

"பலகையில என்ன போட்டிருக்கு?"

"வழின்னு போட்டிருக்கு. நல்லவேளை, இதுல சுழி இல்ல. நீங்ககூடத் தப்பு விட முடியாது."

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

என்னைப் பார்த்துச் சிரித்தபடியே முதுகால் கதவைத் தள்ளினான்.

கதவு தானாகவே வந்து சாத்திக்கொண்டது. கீழே யாரோ ஓடினார்கள். "தம்பி, தம்பி" என்று என் மனைவியின் குரல் கேட்டது. என் கால்கள் நகரவில்லை. கை மட்டும் நகர்ந்தது. 'ழி'யைத் துடைத்து 'ளி' எழுதினேன்; ஒற்றைக் கொம்பை அதன் இடத்தில் அழகாகப் போட்டேன். செய்த தவற்றைச் சரிசெய்யாமல் நான் அந்த மாடியை விட்டு இறங்கவில்லை, ஐயா.

நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. கடைசி வரியில் மட்டும், 'அவன் மரனத்துக்கு நானே காரணம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மூன்று சுழி. பேனாவைக் கொடுங்கள். அந்தப் பிழையை மட்டும் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.