மியாவுக்கு ஊறவைத்த ரொட்டி

எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாய்கள் என்றால் உயிர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா. கான்ஸ்டான்டிநோபிளில் என்னை நாய்களுக்கு எமன் என்று பேசிக்கொள்கிறார்களாம். கேட்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நீங்கள் கேட்பது ஒரே கேள்வி. அந்தக் குளிர்காலத்தில், டான்யூப் ஆற்றங்கரையில் என் பொறுப்பில் இருந்த களஞ்சியத்தில் கோதுமை இருந்ததா, இல்லையா? இல்லை என்றால் நான் வீட்டுக்குப் போகலாம். இருந்தது என்றால் என் தலை போகும். சொல்கிறேன், அவசரமில்லை.

கோத்தியர்கள் வந்த கதை உங்களுக்குத் தெரியும். ஹூணர்கள் துரத்த, பெண்டுபிள்ளைகளோடு அக்கரையில் நின்று கெஞ்சினார்கள். பேரரசர் மனமிரங்கினார். படைக்கு ஆள் கிடைக்கிறதே என்று இரங்கியதாகச் சிலர் சொல்வார்கள். பெரிய இடத்து இரக்கத்தை நான் ஆராய்வதில்லை. வாளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே விடுங்கள், வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுங்கள் என்று உத்தரவு. நம் வீரர்கள் ஆளுக்கொரு நல்ல கம்பளத்தை லஞ்சமாக வாங்கிக்கொண்டு, வாள் போகும்போது வானத்தைப் பார்த்தார்கள். சாப்பாடு என் பொறுப்பு.

ரோம் எப்படிப் பெரிதானது? தோற்றவனைத் தூக்கி உட்காரவைத்து, வயிற்றுக்குப் போட்டு, கையில் ஆயுதம் கொடுத்து, ‘நீயும் ரோமன்தான்’ என்று முதுகில் தட்டினார்கள் நம் முன்னோர். அவனும் நம்பி, நமக்காகச் செத்தான். உலகமே அப்படித்தான் நம் கைக்கு வந்தது. அருமையான முறை. அதில் நான் ஒன்றே ஒன்றைத்தான் மிச்சம் பிடித்தேன், வயிற்றுக்குப் போடுவதை.

பசி வந்ததும் கூச்சல் வந்தது. ஊரில் தெருநாய்களுக்குக் குறைவில்லை. என்னிடம் இருந்த வித்தாலிஸ் என்ற வீரன் பிடித்து வருவான். அடித்துத் தின்ன ஒரு நாய் கொடுத்தால், பதிலுக்குக் கோத்தியர்கள் ஒரு பிள்ளையைக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளை அடிமைச் சந்தைக்கு அனுப்பினேன். அங்கே வேளாவேளைக்குச் சாப்பாடு போடுவார்கள். ஆக, நான் காப்பாற்றிய உயிர்கள் எத்தனையோ. அதை யாரும் பேசுவதில்லை.

"ஐயா, தெருவுல ஒரு நாயி பாக்கி இல்லீங்க," என்றான் வித்தாலிஸ் ஒருநாள். "கடைசியா புடிச்சது கெழடு, நடக்கக்கூட மாட்டேங்குது. அதுக்குப் பெத்த மவனைக் குடுத்துட்டுப் போறான் ஒருத்தன். நமக்கே வெக்கமா இருக்குங்க."

"வெக்கப்பட்டா நாய் வந்துடுமாடா? பக்கத்து ஊர்ல போய்ப் பாரு," என்றேன்.

அப்போதுதான் மொய்கோ என்ற கோத்தியப் பெண் வந்தாள். இரண்டு மகன்களை ஏற்கெனவே என்னிடம் கொடுத்தவள். வாடிக்கைக்காரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை இடுப்பில் கடைசிப் பெண் துல்சிலா. நான் வாசலில் உட்கார்ந்து என் நாய் மியாவுக்கு ஆட்டுப்பாலில் ரொட்டி ஊறவைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அதற்குப் பல் ஆடிக்கொண்டிருந்தது.

"எசமான், இவளை எடுத்துக்கோங்க. அந்த நாயைக் குடுங்க," என்றாள்.

"இது குடுக்கறதுக்கு இல்லம்மா."

"அப்ப நாய் வேணாம். அது திங்கிற ரொட்டியில பாதி குடுங்க, இவ முழுங்கட்டும். அப்புறம் இவளை நீங்களே வச்சுக்கோங்க. நான் திரும்பிக்கூடப் பாக்கமாட்டேன்."

"நாய் வாய் வச்சதும்மா. மனுஷங்க திங்கலாமா?"

சுத்தம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. அவள் மியாவின் வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கொழுகொழுன்னு இருக்குது எசமான். நல்லா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். எவ்வளவு மரியாதை தெரிந்த பெண். வித்தாலிஸ்தான் என்னவோ அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரமே துல்சிலா செத்துப்போனாளாம். அவள் அப்பன் பிள்ளையைப் புதைத்த கையோடு, நாம் கம்பளத்துக்காக விட்டுவைத்த வாளை உருவினான். கூட்டமே உருவியது. பிறகு அட்ரியானோப்பிள் போர். நம் படையில் பாதிக்கு மேல் போயிற்று, பேரரசரும் போனார். அவர் உடலைக்கூட இன்னும் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். நன்றிகெட்ட ஜனங்கள். வாளைப் பிடுங்கி ரொட்டியைக் கொடுக்கச் சொன்னார்கள். நாங்கள் ரொட்டியைப் பிடுங்கி வாளைக் கொடுத்துவிட்டோம். நிர்வாகம் என்று இருந்தால் இந்த மாதிரிச் சின்னச் சின்ன மாற்றங்கள் சகஜம்தானே.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எழுதிக்கொள்ளுங்கள். இருந்தது. கூரை முட்ட இருந்தது. வசந்தம் வரைக்கும் அத்தனை பேரும் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாம். விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்திருந்தேன். மொய்கோ பேசிக்கொண்டிருந்தபோதுகூடச் சாவி என் இடுப்பில்தான் தொங்கியது. பின்னால் எலி தின்றது போக மிச்சத்தைக் கோத்தியர்களே கொளுத்திவிட்டார்கள்.

தலையை எடுப்பதானால் எடுங்கள். கல்நெஞ்சன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவள் கேட்டது மியாவை, ஐயா. குட்டியிலிருந்து என் கையால் ஊட்டி வளர்த்தது. பெற்ற பிள்ளைபோல வளர்த்ததை யாராவது தூக்கிக் கொடுப்பார்களா?