மானுக்கு எட்டிய தைலம்

எண்பதுகளின் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, லண்டன் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போகும் ரயில். எதிர் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்தார். மூத்தவர் மடியில் அர்ச்சனைத் தேங்காய்.

"என்ர தைலம் மானுக்கு மணத்துப்போச்சு, தம்பி."

"என்ன அண்ணை சொல்லுறியள்?"

"எங்கட கராஜ் முதலாளி, வெள்ளைக்காரன், ஸ்கொட்லாந்துக்கு மான் சுடக் கூட்டிக்கொண்டு போனவன். காத்து எங்கட முகத்துக்கு அடிச்சால்தான் மானுக்கு மணம் போகாதெண்டு, மலையிலை வயித்தாலை ஊர வைச்சவன். நான் அந்தக் குளிர்காத்துக்குப் பயந்து நெஞ்சு, நெத்தி, காது முழுக்கத் தைலம் பூசியிருந்தன்."

"பிறகு?"

"சுடப்போற நேரம் காத்துத் திரும்பிச்சுது. மானெல்லாம் ஒண்டாத் தலையைத் தூக்கிப் பார்த்திட்டு ஓடிட்டுது."

"முதலாளி ஏசினவரோ?"

"ஏசேல்லை. உனக்கு உடம்பு சரியில்லையோ எண்டு கேட்டான். அதுதான் பெரிய வெக்கம்."

இளையவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"முருகனும் மான் தேடுற சாட்டிலைதானே காட்டுக்குப் போனவர். அவருக்கு வள்ளி கிடைச்சா. உங்களுக்கு?"

"தடிமன்."

மூத்தவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கோட்டுப் பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்து மூடியைத் திறந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஒன்றாகத் தலையைத் தூக்கினார்கள்.