மாடியில் குடியிருந்த கட்டுரையாளன்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகாது. இருந்தாலும், ஊரே வறண்டு கிடந்த அந்தக் கோடையில் அது வற்றவில்லை.

மாடியில் ஹைதம் என்ற அரபுப் பையன் குடியிருந்தான். இங்கே பிஎச்.டி. படித்தான். அவன் நாட்டில்தான் நான் இருபது வருஷம் வேலை பார்த்தேன். அரபி சரளமாக வரும். ஓய்வுக்குப் பிறகு வீட்டிலிருந்தே அரபிப் பத்திரிகைகளைப் படித்து, எண்ணெயைப் பற்றி யார் என்ன எழுதுகிறார்கள் என்று அந்த நாட்டு அரசாங்க எண்ணெய்க் கம்பெனிக்குச் சுருக்கி அனுப்புகிறேன். ஹைதமை நாங்கள் பிள்ளை மாதிரிதான் வைத்திருந்தோம்.

கோடையில் மாடிக்குத் தண்ணீரை நிறுத்தி, டேங்கர்காரருக்கு விற்றேன். தெருவில் எல்லோரும் செய்ததுதான். "ஏன்னா, அந்தப் பிள்ளைக்கு ஒரு பக்கெட்டாவது விடுங்கோ" என்றாள் என் மனைவி சுப்புலக்ஷ்மி. அவன் காலி வாளியோடு இறங்கி வந்தான்.

"அங்கிள், பூமிக்கு அடியில் இருப்பது ஒருவருக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும்?"

"பத்திரம் என் பேர்ல இருக்கேப்பா" என்றேன். இருவரும் சிரித்தோம்.

சில மாதம் கழித்து ஒரு அரபிப் பத்திரிகையில் புனைபெயரில் ஒரு கட்டுரை. எண்ணெய் மக்களுடையதா, ஆளும் குடும்பத்துடையதா என்று. நன்றாகவே எழுதியிருந்தான். நடுவில் பெங்களூர் வீட்டுக்காரன் ஒருவன் வருகிறான். மாடியில் குழாய் வறண்டிருக்க, டேங்கருக்குத் தண்ணீர் ரொப்பிக்கொண்டே பத்திரம் தன் பேரில் என்கிறான். ஹைதமைத் தவிர வேறு யார் எழுதியிருக்க முடியும்? எனக்கு உடம்பு கூசிவிட்டது. என் வீட்டுச் சோற்றைத் தின்றவன் நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்துவிட்டான்.

கோபம் என்று நினைக்காதீர்கள், வருத்தம்தான். கட்டுரையை அர்த்தம் பிசகாமல் சுருக்கினேன். கீழே எழுதியவனின் உண்மைப் பெயரையும், தங்கை கல்யாணத்துக்கு அவன் ஊர் போகும் தேதியையும் சேர்த்துக் கம்பெனிக்கு அனுப்பினேன். யாரும் கேட்கவில்லை. தெரிந்ததை மறைப்பது எனக்குப் பழக்கமில்லை. அவனை என்ன செய்வார்கள் என்று தெரியுமா என்கிறீர்கள். இருபது வருஷம் அங்கே இருந்தவனுக்குத் தெரியாதா?

சுப்பு முறுக்கு சுற்றிக் கொடுத்தாள். நான்தான் டாக்ஸியில் ஏற்றிவிட்டேன். "ஜாக்கிரதையாப் போயிட்டு வாப்பா" என்றேன், மனசாரத்தான் சொன்னேன். விமானத்திலிருந்து இறங்கியவனை அப்படியே கொண்டுபோய்விட்டார்கள். கல்யாணம் நின்றுபோனது. உயிரோடு இருக்கிறானா என்றுகூட வீட்டாருக்குச் சொல்லவில்லை.

அவன் தங்கை அடிக்கடி எனக்கு போன் செய்து அழுகிறாள். பாவம், அவள் பாஷையில் நாலு வார்த்தை ஆறுதல் சொல்ல, நல்ல வேளை, நான் ஒருவனாவது இருக்கிறேன்.