மடங்காத துப்பாக்கி

அந்தத் துப்பாக்கிக்கு மண்ணெண்ணெய் போடாதீர்கள் ஐயா. உங்கள் காவலர் துணியை நனைத்துத் துடைப்பதைப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். முப்பது வருஷமாக நான் அப்படித்தான் வைத்திருந்தேன்.

என் பெயர் முத்திருளன். வயது அறுபத்தேழு இருக்கும். உசிலம்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் மானாவாரி. முன்பு பிரெஞ்சுக்காரச் சாமியார் ஒருவர் அங்கே வேட்டைக்கு வருவார். அவருக்கு நான் காடு கலைத்து மிருகத்தை விரட்டிக் கொடுப்பேன். சொந்த ஊருக்குத் திரும்பும்போது துப்பாக்கியை எனக்குக் கொடுத்து, லைசென்சையும் என் பேருக்கு வாங்கிக் கொடுத்தார். திருடிய பொருள் இல்லை.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். நானும் ஒப்படைத்து வந்தவன்தான். எண்பதாம் வருஷம் மார்கழியில் அப்படி வைத்துவிட்டு வந்தபோது சோளம் பால் பிடித்து நின்றது. பன்றி இறங்கியது. என் பெண்சாதி இருளாயி தகரத்தைத் தட்டிக்கொண்டு விரட்டப் போனாள். தொடையைக் கிழித்துவிட்டது. பதினோரு நாள் கிடந்து செத்தாள். துப்பாக்கி திரும்பி வந்தபோது கொல்லையில் தட்டைகூட மிச்சமில்லை. இரக்கப்படுவதற்காகச் சொல்லவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வருஷமும் தேர்தல் வந்தது. மூன்று வருஷம் மழை ஏய்த்துவிட்டு இப்போதுதான் சோளம் தலை நிமிர்ந்திருந்தது. இதுவும் போனால் எனக்குக் கஞ்சிக்கு வழியில்லை. இருந்தாலும் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்க ஏட்டு கருத்தக்கண்ணன் அதை முழங்காலில் வைத்து மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை.

“பெருசு, லைசென்சுல மடக்குத் துப்பாக்கின்னு போட்டிருக்கு. இது மடங்கவே மாட்டேங்குது. எந்தப் பட்டறையிலய்யா அடிச்ச?”

துப்பாக்கி விவரம் தெரிந்தவரிடம் இது லைசென்சில் உள்ளதுதான் என்று எழுதி வாங்கி வா, பத்து நாள் தவணை, இல்லையென்றால் கள்ளத் துப்பாக்கி என்று எடுத்துக்கொள்வோம், அப்புறம் திரும்பி வராது என்றார்.

மதுரையில் துப்பாக்கிக் கடையில் வேலை பார்க்கும் சத்தியசீலனைப் போய்ப் பார்த்தேன். நாற்பது வயது, கண்ணாடி போட்டவன், மரியாதையான ஆள். சாக்கைப் பிரித்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். மேலே இருக்கும் பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தான். குழலின் பின்வாயை அடைத்திருந்த இரும்புக் கட்டை மேசை டிராயர் மாதிரி நழுவி வந்தது.

“பெரியவரே, இது மடங்காது. குழல் இருந்த இடத்துலயே இருக்கும், பின்னாடி உள்ள கட்டைதான் நகரும். பிரான்சுல செஞ்சது. படத்துலதான் பாத்திருக்கேன்.”

வாயில் நுழையாத ஒரு ஊர்ப் பேர் சொன்னான். குழலிலும் கட்டையிலும் ஒரே நம்பர் இருக்கிறது, அதனால் பாகம் எதுவும் மாறவில்லை என்றான். இந்தப் பக்கத்தில் இப்படி இன்னொன்று இருக்காது என்றான். இரண்டு நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னான். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. இன்னொன்று இல்லாத பொருளை எவன் திருப்பிக் கொடுப்பான்? தர மாட்டேன் என்றேன். அவன் கோபப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து தானே என் கொல்லைக்கு வந்து பார்த்து எழுதித் தருவதாகச் சொன்னான். கூலி இல்லாமல் டவுன் பஸ் ஏறி வருகிற ஆள் எதற்கு வருவான் என்று மூன்று நாள் யோசித்தேன்.

சொன்னபடி வந்தான். கேப்பைக் கூழ் கொடுத்தேன், குடித்தான். சோளம் எப்போது அறுப்பு என்று கேட்டான். கிணற்றடியில் உட்கார்ந்து துப்பாக்கியைக் கழற்றி, லென்சு வைத்துக் குழலின் அடியில் இருந்த முத்திரைகளைப் பார்த்தான். தோட்டா உட்காரும் பள்ளத்தை அளந்தான். இப்போது விற்கிற நீளத் தோட்டாவைப் போடாதீர்கள், உங்கள் கைதான் போகும் என்று எச்சரித்தான். பிறகு பூட்டி என் மடியில் வைத்துவிட்டு, எனக்கு முதுகு காட்டிக் கிணற்று மேடையில் தாளை வைத்து எழுதினான். இங்கிலீஷ்.

“என்ன தம்பி எழுதுற?”

“உங்களுக்கு நல்லதுதான்.”

“நல்லதுக்கு எதுக்கு ரெண்டு தாளு?”

சிரித்தான். “ஒண்ணு ஸ்டேஷனுக்கு, ஒண்ணு கலெக்டர் ஆபீசுக்கு. சந்தேகமா இருந்தா வாசிச்சுக் காட்டவா?”

வேண்டாம் என்றேன். என் பங்கு நஞ்சையை எழுதி வாங்கிய அண்ணனும் வாசித்துத்தான் காட்டினான். வாயில் வருவது ஒன்று, தாளில் இருப்பது ஒன்று. கலெக்டர் வரைக்கும் போகிறதென்றால் என் துப்பாக்கி போகிறது என்றுதான் அர்த்தம்.

மற்றத் துப்பாக்கியாக இருந்தால் மடக்க வேண்டும், குழல் தொங்கும், ஆளுக்குத் தெரிந்துவிடும். இது மடியில் அசையாமல் கிடக்கும். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு கட்டையை இழுத்து, இரண்டு குழலிலும் தோட்டா வைத்துத் தள்ளினேன். எண்ணெய் போட்டு வைத்திருந்ததால் சத்தமே இல்லை. அவன் துப்பாக்கி நம்பரை இரண்டாம் தாளில் எழுதிக்கொண்டிருந்தான். ஒன்றுதான் சுட்டேன். தோட்டா கிடைப்பது கஷ்டம்.

அவன் உடனே சாகவில்லை. தாளை என் பக்கம் தள்ளினான். படிக்கத் தெரியாதவனிடம் தாளை நீட்டுகிறானே, சாகும்போதும் கேலி என்று நினைத்தேன். தண்ணீர் கேட்டான். கொடுத்தால் நேரமாகும் என்று கொடுக்கவில்லை. பிறகு தாள்களை மடித்து அவன் சட்டைப் பையிலேயே வைத்து, அவனைத் தண்ணீர் வற்றிக் கிடந்த அந்தப் பாழுங்கிணற்றில் இறக்கினேன். அடுத்தவன் தாள் எனக்கு எதற்கு?

மறுநாள் அவன் பெண்சாதி பிலோமினாள் விசாரித்துக்கொண்டு வந்தாள். வந்தார், எழுதினார், போய்விட்டார் என்றேன். சாப்பிட்டாரா என்று கேட்டாள். கூழ் குடித்தார் என்றேன். அது பொய்யில்லை.

இன்று காலை நீங்கள் கிணற்றிலிருந்து எடுத்த அந்தத் தாளை எனக்கு வாசித்தீர்கள். துப்பாக்கி லைசென்சில் உள்ள அதே துப்பாக்கிதான், மடக்குத் துப்பாக்கி என்று எழுதியது ஆபீசின் தவறு, முத்திருளனிடமே இருக்க வேண்டும், பயிர் அறுக்கும்வரை ஒப்படைப்பதிலிருந்து அவருக்கு விலக்குக் கொடுங்கள் என்று அதில் இருப்பதாகச் சொன்னீர்கள். இரண்டு தாளிலும் அதேதான் என்றீர்கள்.

சத்தியசீலனைக் கொன்றது நான்தான். கைநாட்டு வைக்கிறேன். ஆனால் அந்தத் தாளில் நீங்கள் சொன்னது இல்லை ஐயா. இருந்தால் நான் அவனைச் சும்மா கொன்றதாக ஆகிவிடும். காரணமில்லாமல் ஒரு ஆளைக் கொல்லுகிறவன் இல்லை நான். நீங்கள் மாற்றி வாசிக்கிறீர்கள்.