ஒரு மூட்டை மணல்

— சார், அந்த கேட்டையே எத்தினி தபா பாப்பீங்க? காரு வந்தா ஆரன் சத்தம் கேக்கும். கும்மிடிப்பூண்டி ஸ்டேசன்லேந்து வெயில்ல நடந்து வந்திருக்கீங்க, இப்டி குந்துங்க.

— இல்ல மேஸ்திரி, நிக்கிறேன். பத்தரைனு சொன்னாரு. இப்ப பதினொண்ணே கால்.

— மொதலாளி பத்தரைன்னா மெட்ராஸ்ல நாஷ்டாக்கே அப்பதான் குந்துவாரு... அந்த பேப்பரை ஏன் சுருட்டி சுருட்டிப் பிரிச்சிக்கினு இருக்கீங்க? கையெழுத்து போடறதுக்குள்ள கிழிஞ்சிடும்.

— கிழிஞ்சா போச்சு. எங்க யூனிவர்சிடில இன்னொண்ணு டைப் அடிச்சு வாங்க ஒரு வாரம் ஆகும்.

— உங்களுக்கு அங்க இன்னா வேலைன்னே எங்க பட்டறைல ஒர்த்தனுக்கும் வெளங்கல சார். பாடம் எடுக்கறதில்லையாமே?

— தொழில் தொடர்பு அதிகாரி. போன வருஷம்தான் போஸ்ட்டே போட்டாங்க. ப்ரொபசருங்களுக்குத் தெரிஞ்சது உங்க மாதிரி பாக்டரிக்கு வரணும், உங்க கஷ்டம் அங்க போகணும். நடுவுல நான்.

— தரகரு.

— ...அப்படியும் சொல்லலாம்.

— கோச்சிக்காதீங்க. கல்யாணத் தரகருக்கு ரெண்டு ஊட்லயும் காபி குடுப்பாங்க.

— எனக்கு ரெண்டு இடத்துலயும் வாசல்தான். திருவள்ளூர்ல நாலு கம்பெனி, அத்திப்பட்டுல ரெண்டு... ஒருத்தரும் உள்ள விடல. உங்க முதலாளி ஒருத்தர்தான் கூப்பிட்டுக் கேட்டாரு, வார்ப்பு இரும்புல ஏன் ஓட்டை ஓட்டையா விழுதுனு. இன்னிக்கு அவர் ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டா என் போஸ்ட் நிக்கும். இல்லைனா இந்த மார்ச் முப்பத்தொண்ணோட சரி.

— அதுக்கப்புறம்?

— எதாவது டுட்டோரியல்ல கணக்கு சொல்லிக் குடுக்கணும். 'திருமலை சார்'னு போர்டு மாட்டுவாங்க.

— ம்... அந்த மணல் ரிப்போர்ட்டை மொதலாளி படிச்சிட்டாரா?

— போன வாரமே தபால்ல அனுப்பிட்டேன்.

— இன்னா எழுதியிருக்குது அதுல?

— அச்சு கட்டற மணல்ல கோளாறு இல்ல. உப்பு, தூசி எல்லாம் அளவுக்குள்ள இருக்கு. உலையைப் பாருங்கன்னு.

— உலைன்னா தேசப்பன்.

— பேரெல்லாம் எழுதல மேஸ்திரி.

— நீங்க எழுதல. மொதலாளி எழுதிட்டாரு. வேலைய விட்டுத் தூக்கறதுக்கு நேத்தே நோட்டீஸ் ரெடி. இன்னிக்கு உங்க பேப்பர்ல ஒரு கையெழுத்து, கையோட அதுல ஒண்ணு. இப்ப எமர்ஜென்சி வேற, சங்கத்துலயும் வாய் தொறக்க மாட்டாங்க.

— ...எனக்குத் தெரியாது.

— பன்னெண்டு வருசமா இரும்பு உருக்கறான். சூட்டைக் கண்ணாலயே பாத்து சொல்லுவான். அவன் சம்சாரம் குணசுந்தரி காத்தால என் ஊட்டாண்ட வந்து நின்னா. அழல. 'யூனிவர்சிடியே சொல்லிட்டா அப்புறம் யாருண்ணே நம்புவாங்க'ன்னா.

— நீங்க முதலாளிகிட்ட சொல்லலாமே, அவர் நல்ல வேலைக்காரர்னு.

— நான் சொன்னா சிநேகிதனுக்குப் பேசறேன்னுவாரு. சார்... அந்த மணலை இன்னொரு தபா பாக்கச் சொல்லுங்களேன்.

— எதுக்கு?

— சும்மாதான்.

— சும்மா எப்படிக் கேக்க முடியும்? முதல் ரிப்போர்ட்டே தப்புனா ஒப்பந்தம் யார் போடுவாங்க?

— தப்புதான் சார்.

— என்ன சொல்றீங்க?

— ஆத்து மணல் நின்னு நாலு மாசமாவுது. பழவேற்காடு பக்கத்துலேந்து சல்லிசா லாரில வருது. அத்தனையும் கிளிஞ்சல் தூளு, உப்பு. அதுல அச்சு கட்டி இரும்பை ஊத்தினா பொங்கும். ஓட்டை விழாம இன்னா பண்ணும்?

— அப்ப டெஸ்டுக்குக் குடுத்தீங்களே ஒரு மூட்டை... அது வேற மணலா?

— அதே மணல்தான். ஆனா... பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க கைல எடுத்துப் பாப்பாங்கன்னீங்க. கிளிஞ்சலும் குப்பையுமா குடுத்தா நம்ம பட்டறையைப் பத்தி இன்னா நெனப்பாங்க? கெணத்துத் தண்ணில மூணு வாட்டி அலசி, சல்லடைல சலிச்சு, காய வெச்சு, புதுக் கோணில கட்டினேன்.

— யார் சொல்லி?

— ஒர்த்தரும் சொல்லல. பொண்ணு பாக்க வராங்கன்னா ஊட்டைப் பெருக்கறதில்லையா... அப்டி.

— மேஸ்திரி...

— திட்டுங்க சார். ரிப்போர்ட் வந்ததுலேந்து எனக்குத் தூக்கமில்ல. நான் கழுவினதாலதான் உங்க மிஷினுக்குத் தெரியாம பூட்டுது. தேசப்பன் பொழப்பைக் கெடுத்தவன் நான். சொன்னா உங்க ஒப்பந்தம் போயிடுமேன்னு இவ்ளோ நேரம் வாய் வரல.

— இருங்க... அது ஆரன்தானே?

— வந்துட்டாரு. நீங்க இங்கியே நில்லுங்க. இந்த மேஸ்திரி சடையப்பன்தான் கழுவினான்னு நானே போயி சொல்லிடறேன்.

— நீங்க போகாதீங்க, நான்தான் போகணும். பரீட்சை நேரம்னு லேப்ல ஒருத்தரும் கை வைக்கல, ஜூன்ல பாக்கலாம்னுட்டாங்க. உங்க முதலாளி பத்து நாள்ல கேட்டாரு. மணல் நல்லா இருக்குனு எழுதினா யாருக்கும் கெடுதல் வராதுனு நெனச்சு, புத்தகத்தைப் பாத்து நம்பரெல்லாம் நானே போட்டேன்... நீங்க கட்டின கோணி கட்டு அவிழ்க்காம என் ரூம்ல கட்டிலுக்கு அடியில கெடக்கு மேஸ்திரி.