பச்சை மண் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தியது குறித்து

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை முதல் தாளில் ஆய்வாளர் எழுதிக்கொண்டபடி சரியே. எனக்கு வயது ஐம்பத்தொன்று. நான் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தற்காலக் கலைப் பிரிவின் காப்பாட்சியராக வேலை பார்த்து வருகிறேன். எந்த ஓவியத்தை வாங்குவது, எந்தச் சிற்பத்தை எந்த இடத்தில் வைப்பது, எதன் மேல் எவ்வளவு வெளிச்சம் விழலாம் என்று முடிவு செய்வது என் வேலை. இந்த வழக்கில் என்னை யாரும் விசாரணைக்கு அழைக்கவில்லை. நானாகவே இன்று காலை நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எனக்கு உடன்பிறந்தவள் ஒரே ஒரு தங்கை. அவள் மண் சிற்பம் செய்பவள். எங்கள் தாயார் வேலைக்குப் போய்வந்த காரணத்தால் சிறு வயதில் அவளுக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் கூட்டிப்போனது நான். நானும் கலைக் கல்லூரியில் சிற்பம்தான் படித்தேன். கடைசி வருடம் எங்கள் ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும், "உனக்குக் கையைவிட கண்ணு நல்லா இருக்கும்மா" என்று சொன்னார். அது பாராட்டு என்றே உடன் படித்தவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு நான் மண்ணைத் தொடவில்லை. சில வருடங்கள் கழித்து என் தங்கை அதே கல்லூரியில் அதே ஆசிரியரிடம் சேர்ந்தாள். அவளிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பட்டறைச் சாவியை அவள் கையில் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் திறந்துகொள் என்று மட்டும் சொன்னாராம். அதை வீட்டில் அவளே வந்து சொன்னாள்.

நான் காப்பாட்சியரான புதிதில் என் தங்கை அருங்காட்சியகத்துக்கு வந்து, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்தாள். உடன் வேலை பார்ப்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவளைத் தனியாக அழைத்துப்போய், "இங்க என்னை மேடம்னு கூப்பிடு, இல்லேன்னா சொந்தக்காரிக்கு இடம் கொடுக்கிறான்னு பேசுவாங்க" என்று சொன்னேன். சரி என்றாள். அன்றிலிருந்து அங்கே வரும்போதெல்லாம் மேடம் என்றுதான் கூப்பிட்டாள். போகப்போக வீட்டிலும் சில சமயம் வாய் தவறி அப்படியே வந்தது. அவளுடைய சிற்பம் எதையும் நான் இதுவரை காட்சிக்கு வைத்ததில்லை, வாங்கச் சொல்லிப் பரிந்துரைத்ததும் இல்லை. அவளும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

போன வருடம் எங்கள் பிரிவுக்கு இணைக் காப்பாட்சியராக ஒரு பெண்மணி நியமிக்கப்பட்டார். அவருக்கு என் தங்கை வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூட இருக்கலாம். எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார், காவலாளிகளின் ஃபிளாஸ்கில் டீ வாங்கிக் குடிப்பார். அவர் வந்த பிறகு இயக்குநர் என் அறைக்கு வருவது குறைந்தது. படிக்கட்டு ஏறியதும் முதல் கதவு இணைக் காப்பாட்சியருடையது, என்னுடையது மூன்றாவது. இயக்குநருக்கு மூட்டு வலி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு நாள் கொள்முதல் குழுக் கூட்டத்தில் இணைக் காப்பாட்சியர் எழுந்து, ஒரு கலைஞர் சுடாத பச்சை மண்ணால் வீடு கட்டப்போவதாகவும், மேலேயிருந்து சொட்டும் தண்ணீரில் அது கண்காட்சி முடிவதற்குள் கரைந்துவிடும் என்றும், அதை மறுபடி கட்டும் முறையையும் உரிமையையும் அருங்காட்சியகம் வாங்க வேண்டும் என்றும் சொன்னார். கரைந்து போகும் பொருளை எந்த அலமாரியில் வைப்பது என்று நான் கேட்டேன், இரண்டு பேர் சிரித்தார்கள். அதன் பிறகுதான் செய்யப்போவது யார் என்று சொன்னார். அது என் தங்கை. உறவினர் என்பதால் விதிப்படி நான் வெளியே போக வேண்டும், போனேன். தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இணைக் காப்பாட்சியர் பேசுவது கேட்டது, பிறகு கைதட்டும் சத்தம் கேட்டது. அந்தக் குழுவில் நான் இருந்த காலமெல்லாம் யாரும் யாருக்கும் கைதட்டியதில்லை.

அங்கிருந்தே தங்கைக்கு போன் செய்து, இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அக்காதான் கூட்டம் முடியறவரைக்கும் சொல்ல வேண்டாம், உங்களுக்கே சங்கடம்னாங்க" என்றாள். எந்த அக்கா என்று கேட்டேன். இணைக் காப்பாட்சியரின் பெயரைச் சொன்னாள்.

அதன் பிறகு கீழ்க்கூடத்தில் வீடு கட்டும் வேலை தொடங்கியது. மரச்சட்டம் அடித்து, அதன் மேல் மண் பூசி, நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டை இடுப்பு உயரத்துக்குக் கட்டினாள். இணைக் காப்பாட்சியர் முழங்கால் வரை சேறாக அவளோடு உட்கார்ந்து மண் மிதித்துப் பிசைந்தார். காப்பாட்சியர்கள் அந்த வேலையெல்லாம் செய்வதில்லை. ஒரு நாள் மதியம் நான் கதவருகில் வந்தபோது இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் தங்கை வெங்காயம் தின்னமாட்டாள், பொறுக்கி ஓரமாக ஒதுக்கி வைப்பாள். சிறு வயதிலிருந்து அதை எடுத்துத் தின்பது நான். அன்று இணைக் காப்பாட்சியர் பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி அந்த வெங்காயத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். தங்கையும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். இது வழக்குக்குத் தேவையா என்று ஆய்வாளர் கேட்டார். தேவை என்று சொன்னேன்.

திறப்பு விழா அன்று நல்ல கூட்டம். இணைக் காப்பாட்சியர் வந்தவர்களைச் சுற்றி நிற்கவைத்து, மண் வீட்டின் தெருப்பக்கத்து ஜன்னலைக் காட்டி, இந்த ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்துதான் இவர் தன் முதல் மண் பொம்மையைச் செய்தார் என்று விளக்கினார். அந்த ஜன்னலில் உட்கார்ந்து பொம்மை செய்தது நான். என் தங்கை அப்போது கீழே நின்று டம்ளரில் தண்ணீர் எடுத்துத் தருவாள், அவ்வளவுதான். கூட்டம் கலைந்ததும் அவளிடம் இதைக் கேட்டேன். அவள், "ரெண்டு பேருமா செஞ்சிருப்போம் மேடம், யாருக்கு ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, புகைப்படக்காரர் கூப்பிட்டதால் போய்விட்டாள். அந்தப் புகைப்படத்தில் அவள் இணைக் காப்பாட்சியரின் தோளில் கை போட்டிருக்கிறாள். அது நுழைவாயிலில் பெரிதாக வைக்கப்பட்டது. தினமும் அதைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போனேன்.

அதன் பிறகு தொடர் விடுமுறை வந்து அருங்காட்சியகம் மூடப்பட்டது. விடுமுறையின் முதல் நாள் காலை, சேமிப்பு அறையில் ஈரப்பதம் பார்க்க வேண்டும் என்று காவலாளியிடம் சொல்லி உள்ளே போனேன். அது பொய். நேராகக் கீழ்க்கூடத்துக்குப் போனேன். கூரையில் தண்ணீர் சொட்டிய இடத்தில் மண் குழைந்து, அடுப்படிச் சுவர் சரிய ஆரம்பித்திருந்தது. பார்க்க நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்பதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் எனக்கு அது தெரியும். அவள் இதுவரை செய்ததிலேயே நல்லது அது. என் காலத்தில் அந்தக் கூடத்தில் வைத்ததிலும் அதுதான் நல்லது. அதை வைத்தது நானில்லை.

அதன் பிறகு கூடத்துக்குப் பின்னால் உள்ள குழாய் அறைக்குப் போனேன். அங்கே கேமரா கிடையாது. அதற்குச் சாவி பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கும், எல்லோரும் ஸ்பேனர் என்று கூப்பிடும் ஊழியரிடம் ஒன்றும், எங்கள் பிரிவு மேசையில் ஒன்றும் இருக்கிறது. மேசையில் இருந்த சாவியால் திறந்து, தண்ணீர் வால்வை முழுக்கத் திருகி மூடினேன். திரும்பிக் கூடத்துக்கு வந்து நின்றேன். சொட்டும் சத்தம் ஒவ்வோர் இடமாக அடங்கி, கடைசியில் முழுக்க நின்றது. ஈரம் போனால் மண் சுருங்கும், உள்ளே இருக்கும் மரச்சட்டம் சுருங்காது, ஆகவே சுவர் வெடிக்கும் என்பது எனக்குத் தெரியுமா என்று ஆய்வாளர் கேட்டார். தெரியும். அதன் பிறகு வீட்டுக்குப் போய்த் துணி துவைத்தேன். என் கணவர் அன்று என்னைப் பார்த்து, முகம் தெளிவாக இருக்கிறதே என்று சொன்னார்.

விடுமுறை முடிந்து திறந்தபோது வீடு உச்சியிலிருந்து அடிவரை வெடித்து, தெருப்பக்கத்துச் சுவர் பெயர்ந்து கீழே விழுந்து உடைந்து கிடந்தது. சட்டம் மட்டும் நின்றது. கரைய வேண்டியது காய்ந்து நொறுங்கிவிட்டது. இயக்குநர் பாதுகாப்பு அதிகாரி மூலம் காவல் துறைக்குப் புகார் கொடுத்தார். சாவி வைத்திருந்தவர் என்று ஸ்பேனரை நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். அவர், தான் வால்வைத் தொடவே இல்லை என்று சொன்னார். அது உண்மை. அன்று முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று பிற்பகல் இயக்குநர் அறையில் எல்லோரும் இருந்தபோது இணைக் காப்பாட்சியர் எழுந்து, ஸ்பேனர்மேல் தவறில்லை, விடுமுறைக்கு முன் வடிகட்டியைச் சுத்தம் செய்யத் தானே வால்வை மூடியதாகவும், திறக்க மறந்துவிட்டதாகவும் சொன்னார். அவர் ஒரு குடும்பஸ்தனைக் காப்பாற்றவே அப்படிச் சொன்னார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். விடுமுறை அன்று காலை தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தவள் நான். சொல்லி முடித்ததும் அவர் அழுதார். என் தங்கை எழுந்து போய் அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, தன் கைக்குட்டையால் அவர் முகத்தைத் துடைத்தாள். "விடுங்கக்கா, மண்ணுதானே, மறுபடி கட்டிக்கலாம்" என்றாள். இயக்குநரும் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். நான் அலமாரிப் பக்கம் நின்றிருந்தேன். அந்த அறையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை.

என் தங்கை இவ்வளவு சுலபமாக மன்னிப்பாள் என்பது எனக்கு நேற்றுதான் தெரிந்தது. அந்த மன்னிப்பு செய்யாத குற்றத்துக்காக வேறொருவருக்குப் போனது. மனம் உறுத்தியதால் வந்தீர்களா என்று ஆய்வாளர் கேட்டார். ஸ்பேனரை நினைத்தால் உறுத்தியது. ஆனால் அதற்காக மட்டும் நான் வரவில்லை. என் தங்கையின் மன்னிப்பும் அவருக்கே போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்று காலை நான் இங்கே வந்தபோது இணைக் காப்பாட்சியர் தன் வாக்குமூலத்தை எழுதிக்கொடுக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், துணைக்கு என் தங்கையும் இருந்தாள். நான் ஆய்வாளரிடம், "அவங்க மூடலை, நான்தான் மூடினேன்" என்று சொன்னேன். இணைக் காப்பாட்சியர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடம், எனக்காக நீங்க ஏன் இந்தப் பழியை ஏத்துக்கணும்" என்று கேட்டார். நான் அவரைக் காப்பாற்ற வந்திருப்பதாக அவர் நினைத்துவிட்டார். என் தங்கை பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரிடம், "இல்லக்கா, அவ பொய் சொல்லலை" என்றாள். என்னிடம், "அந்த ஜன்னல் உன்னோடதுன்ன, இதையும் நீயே எடுத்துக்கணுமா?" என்று கேட்டாள். நான் ஆய்வாளரின் மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்தேன்.

மேற்படி வாக்குமூலம் எழுதி முடித்தபின் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதில் "முன்விரோதம் காரணமாக" என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தது. இணைக் காப்பாட்சியர் எனக்கு எந்தக் கெடுதலும் செய்ததில்லை என்றும், விரோதம் என்பதை அடித்துவிட்டுப் பொறாமை என்று எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். "இப்படி யாரும் எழுதச் சொன்னதில்லைம்மா" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் திருத்தினார், திருத்தத்துக்குப் பக்கத்தில் நான் சுருக்கொப்பம் இட்டேன். ஸ்பேனரை அனுப்பிவிட்டார்களா என்று கேட்டேன், அனுப்பியாகிவிட்டது என்றார். என் தங்கை வெளியே இருக்கிறாளா என்று கேட்டேன். இருவரும் ஒரே வண்டியில் கிளம்பிப் போய்விட்டதாக வாசலில் நின்ற காவலர் சொன்னார். யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சுய நினைவோடு நான் சொன்னவை இவை. இதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

(ஒப்பம்)